சீப்பு வைக்காத மாப்பிள்ளை

அய்யம்பெருமாள் எதையும் நம்ப மாட்டார். தராசை நம்ப மாட்டார், தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்ப மாட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் "அரியலூர், அரியலூர்" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், "இது அரியலூருதான போவுது?" என்று அக்கம்பக்கத்தில் மூன்று பேரைக் கேட்பார். மூன்று பேரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால், எப்படி மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்றானுவ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும்.

இப்படிப்பட்ட மனுசரிடம்தான் தரகன் பூமாலை ஒரு மாப்பிள்ளை போட்டோவை நீட்டினான்.

"பேரு பிரேம்ண்ணே. ஆலத்தியூர் பக்கம் வூடு. சிமெண்ட் ஆலையில லேப்புல வேலை. குடி கிடையாது, பீடி கிடையாது. அப்பா பேரு அரங்கநாதன், அம்மா சிந்தாமணி. ஒரே புள்ள."

போட்டோவில் பையன் லட்சணமாகத்தான் இருந்தான். தலைமுடி கோரைப்பாயை விரித்த மாதிரி நேராகப் பின்னுக்குப் படிந்திருந்தது.

"எல்லாஞ் சரி. இவன் எதுக்குச் சிரிக்கிறான்?"

"போட்டோவுக்குச் சிரிக்காம அழுவாங்களாண்ணே?"

"காரணமில்லாம சிரிக்கிறவன நான் நம்ப மாட்டேன். சரி, வரச் சொல்லு. நேர்ல பாத்துக்குறேன்."

வரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மகள் நர்மதாவுக்கு இருபத்தாறு முடியப்போகிறது. பி.பார்ம் படித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அழகுக்குக் குறைவில்லை, அறிவுக்குக் குறைவில்லை, வாய்க்கு நிச்சயமாகக் குறைவில்லை. முடிதான் பிரச்சினை. அப்பாவுக்குக் கோரைமுடி, அவளுக்கு வந்ததோ அம்மா சம்பூர்ணத்தின் சுருட்டை முடி. சுருட்டை என்றால் சாதா சுருட்டை இல்லை, பென்சிலைச் செருகினால் பென்சில் தொலைந்து போகும். முதலில் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு நல்லாருக்கு, தலைதான் ஒரு மாதிரி பரட்டையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டால் யோசிக்கலாம் என்று போன் போட்டான். "உன் மூக்கக் கொஞ்சம் நேராக்கிக்கிட்டு வா, நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நர்மதா போனை வைத்தாள். மூன்றாவது ஆள் வரவே இல்லை. ரெண்டாவது ஆளும் அவனும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை பிரேம் வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். முதலில் ஒரு தலை இறங்கியது, அதற்குப் பிறகுதான் ஆள் இறங்கினான்.

அய்யம்பெருமாள் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். போட்டோவில் கோரைப்பாய். நேரில், கரிச்சான் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுப் போன மாதிரி வளையம் வளையமாகச் சுருண்டு தோள் வரைக்கும் தொங்குகிறது. வெயிலில் மினுக்கு மினுக்கு என்று மினுக்குகிறது. பின்னாலேயே அப்பா அரங்கநாதன் இறங்கினார். அவர் தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி.

அப்பன் தலை பொட்டல், மகன் தலை பச்சைமலைக் காடா? அய்யம்பெருமாளுக்கு அப்போதே சந்தேகம் முளைத்துவிட்டது.

"தம்பி, போட்டோவுல வேற மாதிரி இருந்தீங்களே?"

"அதுங்களா மாமா, ஸ்டூடியோக்காரர் சூட்டுக் கிடுக்கி வெச்சு இழுத்து நேராக்கி விட்டுட்டாரு. தலைக்குக் குளிச்சதும் பழையபடி சுருண்டுக்கிச்சு."

"குளிச்சதும் மாறிடுச்சு?"

"ஆமாங்க மாமா."

குளித்தால் அழுக்குப் போகும், ஆள் மாறுவானா? அய்யம்பெருமாள் சேரைக் காட்டினார்.

நர்மதா காபி கொண்டுவந்தாள். சம்பூர்ணம் அரை பாட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, முழங்காலுக்கிடையில் மகளை இறுக்கிக்கொண்டு பின்னியிருந்தாள். அப்படியும் காதோரத்தில் இரண்டு சுருள் எண்ணெயை மீறிக்கொண்டு எட்டிப் பார்த்தன. பிரேம் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு சுருளைத்தான் பார்த்தான். முகம் அப்படியே மலர்ந்து போனது.

"சின்னஞ்சிறுசுங்க, தனியா நாலு வார்த்தை பேசட்டும்" என்றான் பூமாலை.

இருவரும் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே போய் நின்றார்கள். மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அய்யம்பெருமாளும் எழுந்தார். மோட்டார் பக்கம் அவர் போகவே இல்லை. அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் ஒட்டுக்கேட்காமல் வேறு எவன் கேட்பான்?

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" நர்மதாவின் குரல்.

"கேளுங்க."

"தலைக்கு என்னங்க போடுறீங்க?"

சோளத்தட்டைக்குப் பின்னால் அய்யம்பெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா என்று கேட்பாள் என்று பார்த்தால், தலைக்கு என்ன போடுகிறாய் என்று கேட்கிறாள்.

"அது பெரிய கதைங்க. மொதல்ல, அடிக்கடி தண்ணி படக் கூடாது. நான் வாரத்துக்கு ஒரு தடவதான் அலசுவேன்."

"சீப்பு?"

"காஞ்ச தலையில சீப்பே வைக்க மாட்டேன். வெச்சா போச்சு, மொத்தமும் பிரிஞ்சு பறந்துடும்."

"தண்ணி? இங்க பச்ச உப்பு."

"எங்க ஊர்ல அதுக்கும் மேல, சுண்ணாம்புத் தண்ணி. பானையில வெள்ளையாப் படியும், தலையிலயும் படியும். தேங்கா நாராட்டம் ஆயிடும். அதனால கடைசிச் சொம்பு மட்டும் மழைத்தண்ணி. அது இல்லன்னா கேன் தண்ணி."

"தூங்குறப்போ?"

"தலகாணிக்கு வழவழன்னு சாட்டின் உறை போட்டுக்குவேன். இல்லன்னா காலையில எந்திரிக்கிறப்போ ஒரு பக்கமாக் கோணிக்கும்."

"யாராச்சும் தொட்டா?"

"ஐயோ, எங்கம்மாவையே தொட வுட மாட்டேங்க. அதுலயும் காயுறப்போ யாரு கையும் படக் கூடாது."

நர்மதா கொலுசு உதறின மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அய்யம்பெருமாள் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. ஆனால் அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணி படக் கூடாது. சீப்பு வைக்கக் கூடாது. தொடக் கூடாது. வைத்தால் பறந்துவிடும். தூங்கினால் கோணிக்கொள்ளும். அப்பன் வேறு மொட்டை. உலகத்தில் இத்தனை கட்டுப்பாடும் உள்ள முடி ஒன்றே ஒன்றுதான்.

டோப்பா!

அவர்கள் கார் திரும்பி மெயின் ரோட்டைத் தொடவில்லை, நர்மதா வந்து நின்றாள். "எனக்குச் சம்மதம்பா."

"எனக்கு இல்ல. அவன் தலையில இருக்குறது அவன் முடி இல்ல."

"பின்ன யாரோடது?"

"அது யாருக்குத் தெரியும்? திருப்பதியில எறக்குனதா இருக்கும்."

சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்மதா சிரிக்கவில்லை.

"அப்பா, இந்த முடிய வெச்சு எத்தன பேரு என்னக் கேலி பண்ணிட்டுப் போயிருக்கான்? என் தலையப் பாத்து மூஞ்சியச் சுளிக்காம, சந்தோசப்பட்ட மொத ஆளு இவருதான். எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு. வேணாம்னு சொல்லணும்னா காரணத்தோட சொல்லு. சந்தேகத்தோட சொல்லாத."

அய்யம்பெருமாளுக்கு அது சரியென்று பட்டது. காரணம்தானே வேண்டும், கொண்டு வருகிறேன். பெற்ற பெண்ணை ஒரு பொய்த்தலையனிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் காலமெல்லாம் அதை ஆணியில் மாட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? அவர் ஏமாந்தவர். ஒரு தடவை சந்தையில் வால் குஞ்சம் அழகாக இருக்கிறதே என்று ஒரு பசுவைப் பிடித்து வந்தார். மூன்றாம் நாள் மழையில் குஞ்சம் கழன்று விழுந்தது. பசு மொட்டை வாலோடு ஈ ஓட்ட முடியாமல் அவரை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை நர்மதா முகத்தில் அவர் பார்க்கத் தயாரில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் பிரேமின் ஊருக்குப் போனார். மாப்பிள்ளை விசாரிக்கிறவன் முதலில் போக வேண்டிய இடம் சலூன். ஊரில் எவன் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது சலூன்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

"அரங்கநாதன் மவன் பிரேமு எப்படிங்க?"

"தங்கமான புள்ளங்க."

"முடி வெட்ட உங்ககிட்டதான வருவாப்ல?"

சலூன்காரர் முகம் சுருங்கியது. கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். "அதக் கேக்காதீங்க. இந்தக் கடைப்பக்கம் வந்து ரெண்டு வருசம் ஆவுதுங்க. எங்கயோ திருச்சியில போயி வேல பாத்துக்குறாப்லயாம்."

அய்யம்பெருமாளுக்கு மனம் குளிர்ந்தது. இரண்டு வருஷமாகச் சலூனுக்குப் போகாதவனுக்கு வெட்ட என்ன இருக்கும்? திருச்சியில் ரிப்பேர் பார்க்கிற இடம் இருக்கிறது போல.

அப்படியே வீட்டுக்கு நடந்தார். "இந்தப் பக்கமா ஒரு சோலி, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தங்கச்சி" என்று ஒரு பை சின்ன வெங்காயத்தைச் சிந்தாமணி கையில் கொடுத்தார்.

பிரேம் கூடத்தில் தலையில் பழைய பனியனைச் சுற்றி, நெற்றியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான்.

"என்ன தம்பி, தலையில அடியா?"

"இல்லீங்க மாமா. இன்னிக்குத் தலைக்குக் குளிச்ச நாளு. துண்டு போட்டுத் தொடச்சா முடி சிலும்பிக்கும், அதான் பனியன்."

"அத அவுத்துட்டுதான் பேசுங்களேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"இன்னும் இருவது நிமிசம் அவுக்கக் கூடாதுங்க மாமா."

இருபது நிமிஷம் என்ன, அவருக்கு இப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. எதிர்பாராமல் ஆள் வந்துவிட்டான், மாட்டிக்கொள்ள நேரம் இல்லை, பனியனைச் சுற்றி மறைக்கிறான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிப் பக்கம் போனார். சிந்தாமணி ஒரு சட்டியிலிருந்து எதையோ வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வழவழவென்று, நூல் நூலாக, ஒழுகி முடியாமல் ஒழுகியது.

"இது என்ன தங்கச்சி?"

"இது தம்பி தலைக்குப் போடுற பசைண்ணே. வாராவாரம் காச்ச வேண்டியிருக்கு, என் கையே போவுது."

யாரும் பார்க்காதபோது அய்யம்பெருமாள் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசைக்கு இதைவிடப் பிடிப்பு கம்மிதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு விரலையும் சாட்சி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"பசை! அவுங்கம்மா வாயாலயே சொன்னா!" என்று மகள் முன்னால் விரலை நீட்டினார்.

"அப்பா, அது ஆளி விதை. கொதிக்க வெச்சா அப்படித்தான் பசையா வரும். சுருட்டை முடி பறக்காம இருக்கப் போடுறது. எங்க மருந்துக்கடையிலயே பாக்கெட்டு பாக்கெட்டா விக்கிறோம்."

"விக்கிறவ சொல்றத வாங்குறவன் நம்பலாமா?"

"அப்போ நிச்சயத்துக்குத் தேதி சொல்லிடலாம்" என்றாள் நர்மதா.

சொல்லட்டும். நாலு பேர் கூடட்டும். அந்த நாலு பேர் முன்னாலேயே தூக்கிக் காட்டுகிறேன் என்று அய்யம்பெருமாளும் தலையை ஆட்டினார். அதற்கு ஒரு நல்ல வழியும் இருந்தது. அவர்கள் வகையறாவில் நிச்சயத்தன்று மாமனார் மாப்பிள்ளைக்கு உருமா கட்ட வேண்டும். சரிகைத் துண்டைத் தலையில் சுற்றிக் கட்டுகிற சடங்கு. கட்டுகிற சாக்கில் ஒரு இழுப்பு. வந்துவிட்டால் காரணம், வராவிட்டால் உருமா.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பெரம்பலூரில் ஒரு சின்ன மண்டபம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். நர்மதா மேடைக்கு வந்தாள். சம்பூர்ணம் எவ்வளவோ மன்றாடியும் பின்னல் போடவில்லை. முடியை விரித்து, சுருள் சுருளாக, பிரேம் கொடுத்தனுப்பிய பசையைப் போட்டு வந்திருந்தாள். மல்லிகைச் சரத்துக்கு ஊசியே வேண்டியிருக்கவில்லை, முடியே பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எதிரே பிரேம் தலை. இரண்டு தலையும் சேர்ந்து மேடையில் மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்தன.

"மாப்பிள்ளைக்கு உருமா கட்டுங்கப்பா" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

அய்யம்பெருமாள் சரிகைத் துண்டை உதறிக்கொண்டு நெருங்கினார். பிரேம் ஒரு அடி பின்னால் போனான்.

"மாமா, உருமா மட்டும் வேணாமே. தட்டுல வெச்சுக் குடுத்துடுங்க, வாங்கிக்குறேன்."

உருமாவை மறுக்கிற மாப்பிள்ளையை அந்த ஜனம் அதுவரை பார்த்ததில்லை.

"ஏன் தம்பி? எங்க துணி ஒங்க தலைக்கு ஆவாதோ?"

"ஐயோ அப்படி இல்லீங்க மாமா! பஸ் ஸ்டாண்டு கிட்ட வண்டி நின்னுபோயி லேட்டாயிடுச்சு. தலை இப்பத்தான் காஞ்சுது. இன்னும் சரிபண்ணவே இல்ல. இப்போ துணி சுத்துனா எல்லாம் அமுங்கிப் போயிடும். ஒரு பத்து நிமிசம் டயம் குடுங்க."

பத்து நிமிஷமா? இறுக்கி ஒட்டிக்கொண்டு வருவதற்கா? அய்யம்பெருமாள் துண்டைக் கீழே போட்டார். வலது கையை அந்தக் காட்டுக்குள் விட்டார்.

விட்டதும் அவருக்குப் புல்லரித்தது. முடி மாதிரியே இல்லை. மொறமொறவென்று இருக்கிறது. காய்ந்த வைக்கோல், கம்பி, பிளாஸ்டிக் துடைப்பம் எல்லாம் அவர் தொட்டிருக்கிறார், முடி இப்படி இருந்து தொட்டதில்லை.

"டோப்பா! டோப்பா!" என்று கத்திக்கொண்டே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

வந்தது. ஆனால் முடி மட்டும் தனியாக வரவில்லை, பிரேமும் கூடவே வந்தான். "அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் பயந்துபோய்க் கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லிவிட்டார்.

அய்யம்பெருமாள் இன்னொரு தடவை இழுத்தார். மறுபடியும் பிரேம் வந்தான். சரி, பசை பலமாக இருக்கிறது என்று கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. அவர் விரலில் நெளி மோதிரம், கல்யாணத்துக்குப் போட்டது, முப்பது வருஷமாகக் கழற்றாதது. விரல் தடித்துக் கழற்றவும் முடியாது. அந்த நெளிவுக்குள் பத்திருபது சுருள் புகுந்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஆட்ட ஆட்ட இறுகியது.

சிந்தாமணி மேடையில் ஏறினாள். "யோவ்! எம்புள்ள மயிரப் புடிச்சு இழுக்கவா நிச்சயத்துக்குக் கூப்புட்ட? சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியக் கெடுக்கும்னு சொல்லுவாங்க, சரியாத்தான் இருக்கு. கோர முடிக்காரன் வூட்டுல சம்மந்தம் வெக்க வந்தேன் பாரு! கெளம்புடா பிரேமு!"

பிரேம் இரண்டு அடி எடுத்து வைத்தான். அய்யம்பெருமாளும் இரண்டு அடி எடுத்து வைத்தார்.

"நீ எதுக்குய்யா வர்ற?"

"நானா வர்றேன்? ஒம்மவன் இழுத்துக்கிட்டுப் போறான்!"

"கைய எடுய்யா!"

"வந்தா எடுக்க மாட்டேனா?"

பூமாலை எங்கிருந்தோ ஒரு கத்தரிக்கோலோடு ஓடி வந்தான். பிரேம் கண்ணை மூடிக்கொண்டு, "அத என் கண்ணுல காட்டாதீங்க! ரெண்டு வருசமா வளத்தது!" என்று அலறினான். பெண்கள் பக்கத்திலிருந்தும் ஒரே கூச்சல். நிச்சய மேடையில் மாப்பிள்ளைக்கு முடி வெட்டுவதாவது, அபசகுனம், அபசகுனம். பூமாலை கத்தரிக்கோலை வேட்டியில் ஒளித்துவைத்து, அது குத்தி, அவனும் ஒரு சத்தம் போட்டான்.

சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போகலாம் என்றால் பிரிந்தால்தானே போக முடியும்? சிந்தாமணி வாசல் வரைக்கும் போய்விட்டு, மகன் வராததால் திரும்பி வந்தாள். அரங்கநாதன் மட்டும் ஒரு ஓரமாக நின்று தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். இந்த மாதிரி ஆபத்து ஒன்றும் தனக்கு வராது என்கிற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ரஞ்சன்குடி உறவுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பஸ் கிடைக்காமல் தாமதம். நடந்தது எதுவும் தெரியாது. மாமனார் மாப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள்.

"அடடா, ஆசீர்வாதம் ஆரம்பிச்சுட்டாங்க!" என்று அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தராக வந்து, "நல்லாருக்கணும் தம்பி" என்று பிரேம் தலையில் அரிசியைத் தூவி, அமுக்கித் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "தொடாதீங்க, தயவுசெஞ்சு தொடாதீங்க" என்று அவன் முனகியது யார் காதிலும் விழவில்லை. போட்டோக்காரர், "மாமா, கை அப்படியே இருக்கட்டும், இங்க பாருங்க" என்றார். அது எங்கே போகப்போகிறது?

பத்து மணி.

நர்மதா எழுந்து வந்தாள். "எல்லாரும் வெலகுங்க. பிரேம், பையில தண்ணி பீச்சுற பாட்டிலும் பசையும் இருக்கா?"

"இருக்குங்க. முன் ஜிப்புல."

"அப்பா, ஒக்காரு. அவர் தோள்மேல சாயி, பரவால்ல. கைய ஆட்டாத. ஆட்டுன, நாளைக்கு வரைக்கும் இப்படியேதான் இருப்ப."

அய்யம்பெருமாள் மாப்பிள்ளை தோளில் சாய்ந்து உட்கார்ந்தார். மூக்குக்கும் சுருட்டை முடிக்கும் ஒரு விரற்கடை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சுருள் மூக்குக்குள் போய் வந்தது. நர்மதா தண்ணீரைப் பீச்சினாள், பசையைத் தடவினாள், நுனியிலிருந்து மேலே மேலே விரலாலேயே பிரித்தாள். ஒரு இழை, இன்னொரு இழை. அவள் குனிந்திருக்க, அவளுடைய சுருள்களும் சரிந்து அவன் தலைமேல் விழுந்தன. எது யாருடையது என்று தெரியாமல் அவளுக்கே இரண்டு மூன்று தடவை தடுமாறியது.

சிந்தாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வலிக்குதாடா?"

"இல்லம்மா. சின்ன வயசுல நீ பிரிப்பியே, அந்த அளவுக்கு வலிக்கல."

சிந்தாமணிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை. அவன் தொட விட்ட காலத்தில் அவளும் பிரித்துப் பார்த்தவள்தான், ஒரு நாளும் இந்தப் பொறுமை வந்ததில்லை. "பசையாச்சும் இனிமே இவ காச்சுவா" என்றாள், பாதி தனக்குத்தானே.

"அவரே காச்சட்டும் அத்தை. எனக்கும் சேத்து" என்றாள் நர்மதா, தலை நிமிராமல்.

சிந்தாமணி ஒரு நொடி யோசித்தாள். எப்படிப் பார்த்தாலும் தன் கை தப்பித்தது. குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "எல்லாஞ் சரி. ஒங்கப்பன் மன்னிப்புக் கேக்கட்டும். அப்பறந்தான் தட்டு."

மண்டபமே அய்யம்பெருமாளைப் பார்த்தது. அவர் வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சம்பூர்ணத்திடமே சொன்னதில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய பாக்கி. மகளைப் பார்த்தார். நர்மதா விரலை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் கோபமாகப் பார்க்கவில்லை. அந்த மொட்டை வால் பசு பார்த்த அதே பார்வை.

திரும்ப இடமில்லாததால் அய்யம்பெருமாள் எதிரே இருந்த சுருட்டை முடியைப் பார்த்தே சொன்னார். "தப்புதான் தம்பி. மன்னிச்சுக்குங்க."

"பரவால்லீங்க மாமா" என்றது முடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

பத்து இருபதுக்கு மோதிரம் விடுபட்டது. பிரேம் கழுத்தைத் திருப்பி, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். மேளம் வாசிக்கப் போனவர்களை அய்யம்பெருமாள் கையமர்த்தினார்.

"இருங்கய்யா."

நெளிவுக்குள் ஒரே ஒரு இழை சிக்கி நின்றிருந்தது. அதை உருவி எடுத்தார். ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கப் பார்க்க, இழையைத் தீயில் காட்டினார்.

"ஏங்க, நல்ல நாளும் அதுவுமா!" என்று சம்பூர்ணம் பதறினாள்.

இழை சுருண்டு பொசுங்கியது. அய்யம்பெருமாள் மூக்கை நீட்டி முகர்ந்தார். பிளாஸ்டிக் நாற்றம் இல்லை. பூமாலையைக் கூப்பிட்டு, "மோந்து பாரு" என்றார். அவன் முகர்ந்து தும்மினான். அரங்கநாதன் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, நீங்களும் ஒரு தடவ மோந்துருங்க. பின்னால பேச்சு வரக் கூடாது." அரங்கநாதன் மரியாதைக்கு முகர்ந்து வைத்தார்.

அய்யம்பெருமாள் சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"மயிருதான். தட்டக் கொண்டாங்க."

பத்து இருபத்தாறுக்குத் தட்டு மாறியது. வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் இருந்தன, கூடவே பொசுங்கின வாடையும் இருந்தது. தட்டைக் கீழே வைத்த பிறகுதான் அய்யம்பெருமாளுக்குக் கை மடங்கவில்லை என்று தெரிந்தது. பசை காய்ந்து ஐந்து விரலும் மொறமொறவென்று விறைத்துக்கொண்டு நின்றன. மகளிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இது எப்படிம்மா போவும்?"

"கசக்கி வுடுப்பா. காஞ்சதும் கசக்கி வுடணும், அப்பத்தான் மெதுவாவும். அதுக்குத்தான அவரு பத்து நிமிசம் கேட்டாரு? நீ வுட்டாத்தான!"

அய்யம்பெருமாள் இரண்டு கையையும் சேர்த்துக் கசக்கினார். மொறமொறப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கை பட்டு மாதிரி ஆகிவிட்டது. தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிரேம் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, இது வெடிப்பு வந்த காலுக்குக் கேக்குமா?"